பவளத் தொட்டியில் பழுப்புப் பாசி: ஆலோசனை வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். மதுரை திருநகரில் எங்கள் வீட்டிலுள்ள 200 லிட்டர் உப்புநீர்ப் பவளத் தொட்டியில், விளக்கு எரியத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே வெண்மணல் முழுவதும் காப்பித்தூள் தூவியதுபோல் பழுப்பாகிவிடுகிறது. இரவில் பெருமளவு மறைந்து, மறுநாள் மீண்டும் படர்கிறது.

எங்கள் பகுதி பாறைப்பாங்கானது என்பதால், ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள சிலிக்கேட்டு (பாறையிலிருந்து கரைந்து வரும் சிலிக்கா) ஆர்.ஓ. வடிகட்டியின் சவ்வைத் தாண்டி வந்து, சிலிக்காவைக் கொண்டு ஓடு கட்டும் டயாட்டம் என்னும் நுண்பாசியை வளர்க்கிறது என்றே முதலில் கருதினேன். நீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூச்சியத்தைக் காட்டினாலும் சிலிக்கா இருக்கக்கூடும் என்பதால், அந்த அளவீட்டை நான் முழுமையாக நம்பவில்லை. ஆனால், பாறைகளில் சளிபோன்ற இழைகள் தொங்குவதையும், அவற்றின் நுனியில் காற்றுக் குமிழிகள் ஒட்டியிருப்பதையும், ஊட்டச்சத்துகளான நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் அறவே இல்லாமல் இருப்பதையும் பார்க்கும்போது, இது டைனோஃபிளாஜெல்லேட்டு என்னும் வேறொரு நுண்ணுயிராக இருக்குமோ என்று ஐயம் எழுகிறது. அப்படியானால், அடிக்கடி தண்ணீர் மாற்றுவது ஊட்டச்சத்தை மேலும் குறைத்து நிலைமையை மோசமாக்கக்கூடும். சில வகைகள் நச்சுத்தன்மை உடையவை என்பதால் பாசி தின்னும் நத்தைகளைத் தொட்டியில் வாங்கி விடவும் தயங்குகிறேன்.

மதுரையில் நுண்ணோக்கி வைத்திருப்பவர் எவரேனும் ஒரு துளி மாதிரியைப் பார்த்துச் சொல்ல இயலுமா? சிலிக்கேட்டுச் சோதனைப் பெட்டியும் ஆர்.ஓ. நீரில் எஞ்சுபவற்றை நீக்கும் நல்ல டி.ஐ. ரெசினும் உள்ளூரில் எங்கே கிடைக்கும் என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.