பெரியம்மாவின் பித்தப்பைச் சத்திரசிகிச்சை: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

மோகன் அண்ணா (ரொறன்ரோ): எல்லோருக்கும் வணக்கம். அம்மாவின் பித்தப்பையில் கல் இருப்பது ஸ்கானில் உறுதியாகிவிட்டது, யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்போகிறார்கள் என்று அறிந்தேன். இங்கே என்னுடன் வேலை செய்யும் ஒருவருக்குப் புரொஸ்தேற்றுச் சுரப்பியை ரோபோ மூலம் அகற்றினார்கள். அவர் விரைவாகவே எழுந்து நடமாடினார். அம்மாவையும் சென்னைக்கு அழைத்துச் சென்று அப்படியே செய்விக்கலாம் என்று எண்ணுகிறேன். செலவு முழுவதையும் நான் பார்த்துக்கொள்கிறேன். வதனி, நீர் மயக்க மருந்துப் பிரிவில் இருப்பவர். உம்முடைய கருத்தைச் சொல்லும்.

சிவம் மாமா: நல்ல கேள்வி, தம்பி. அத்தானுக்கு இதே சத்திரசிகிச்சை நடந்தபோது வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு வெட்டினார்கள். இருமவும் பயந்துகொண்டு அவர் விடுதியில் படுத்திருந்ததை அக்கா இன்னும் மறக்கவில்லை. அவருடைய பயமெல்லாம் அதுதான். ஆகவே இப்போது எது மாறியிருக்கிறது என்பதை, பிள்ளை, எல்லோருக்கும் விளங்கும்படி எழுது.

வதனி: மோகன் அண்ணா, முதலில் ரோபோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தானாக வெட்டும் இயந்திரம் அல்ல. சத்திரசிகிச்சை நிபுணர் சற்றுத் தள்ளி அமர்ந்து, பெரிதாக்கப்பட்ட முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி கைகளை அசைக்க, நோயாளியின் உடலுக்குள் இருக்கும் மெல்லிய கருவிகள் அந்த அசைவைப் பின்பற்றும். டா வின்சி என்ற ரோபோத் தொகுதிக்கு அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் அனுமதி கிடைத்தது. இடுப்புக்குழியின் ஆழத்தில், கை திருப்ப இடமில்லாத புரொஸ்தேற்று போன்ற உறுப்புக்கு அது உண்மையிலேயே உதவுகிறது. பித்தப்பையின் நிலை வேறு. அமெரிக்காவில் முதியோருக்கான அரச காப்புறுதித் திட்டத்தில் உள்ள பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வொன்றில், ஈரலிலிருந்து பித்தத்தைக் கொண்டுசெல்லும் குழாயான பித்தக்கான் காயப்பட்டுத் திருத்தவேண்டி வந்தவர்கள் ரோபோ முறையில் நூற்றுக்கு 0.7, சிறு துளைகள் வழியாகச் செய்யும் வழக்கமான கமரா முறையில் 0.2 என்று காணப்பட்டது. இரண்டுமே சிறிய எண்கள்தாம். ஆனாலும் பெரியம்மாவை விமானத்தில் ஏற்றுவதற்கு அதில் காரணம் எதுவும் இல்லை.

மோகன் அண்ணா (ரொறன்ரோ): இதை நான் எதிர்பார்க்கவில்லை. அப்படியானால் கமரா முறை எவ்வளவு காலமாக இருக்கிறது?

வதனி: 1985இல் ஜெர்மனியில் எரிக் மூகே என்பவர் முதன்முதலில் அப்படிப் பித்தப்பையை அகற்றினார், 1987இல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே செய்தார், அதன்பின் சில ஆண்டுகளிலேயே உலகெங்கும் அது வழமையாகிவிட்டது. வயிற்றைக் காபனீரொட்சைட்டு வாயுவால் சற்று உப்பவைத்து, பெரும்பாலும் நான்கு சிறு துளைகள் வழியாகக் கமராவையும் கருவிகளையும் செலுத்துவார்கள். கவனம் முழுவதும் வேண்டிய கட்டம் ஒன்று இருக்கிறது. பித்தப்பைக்குள் செல்வது ஒரு கானும் ஒரு நாடியும் மட்டுமே என்பதை, சுற்றியுள்ள கொழுப்பையும் இழையத்தையும் விலக்கிக் கண்ணால் கண்டு உறுதிசெய்யும்வரை எதற்கும் கிளிப் போடக்கூடாது, எதையும் வெட்டக்கூடாது. 1995இல் ஸ்றாஸ்பேர்க் என்ற அமெரிக்க நிபுணர் இந்த விதியைத் தெளிவாக வகுத்தார். இப்போது சில இடங்களில் இந்தோசயனின் பச்சை என்ற சாயத்தை ஊசியால் ஏற்றிவிடுகிறார்கள். செங்கீழ் ஒளியை அண்மித்த ஒளியில் பித்தக்கான் திரையிலே பச்சையாக ஒளிரும். அழற்சி மிகுந்து எதுவும் தெளிவாகத் தெரியாவிட்டால், நிபுணர் கமரா முறையை நிறுத்தி வயிற்றைத் திறந்து செய்யக்கூடும். அதைத் தோல்வி என்று யாரும் எண்ணவேண்டாம். அவர் உங்களைக் காப்பாற்ற எடுக்கும் முடிவு அது.

பெரியம்மா: வாசித்தேன், பிள்ளை. வெட்டுகிற நேரத்தில் ஆளை மாறி வேறு ஏதேனும் செய்துவிடுவார்களோ என்ற பயமும் எனக்கு உண்டு. கேட்க வெட்கமாக இருந்தது.

வதனி: வெட்கப்பட ஒன்றுமில்லை, பெரியம்மா. அந்தப் பயம் நியாயமானது என்பதால்தான் உலக சுகாதார நிறுவனம் 2008இல் பத்தொன்பது கேள்விகள் கொண்ட பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்து கொடுக்கும் முன்பும், தோலை வெட்டும் முன்பும், நோயாளியைச் சத்திரசிகிச்சைக் கூடத்தை விட்டு வெளியே எடுக்கும் முன்பும் எல்லோரும் கையிலுள்ள வேலையை நிறுத்தி, நோயாளியின் பெயர், செய்யும் சத்திரசிகிச்சை, ஒவ்வாமை, பஞ்சுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வாய்விட்டுச் சொல்லி உறுதிசெய்வார்கள். ரொறன்ரோ, புதுடெல்லி, தன்சானியாவின் இஃபகாரா உட்பட எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளில் இதைச் சோதித்தபோது, சத்திரசிகிச்சைக்குப் பிந்திய இறப்பு நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8ஆகக் குறைந்ததாக 2009இல் அறிவித்தார்கள். ஒரு தாள்தான் அது, மோகன் அண்ணா. என்னைக் கேட்டால் எந்த ரோபோவையும் விட அதற்கே நான் முதலிடம் தருவேன். ஆகவே உங்கள் பெயரையும் நோயையும் திரும்பத் திரும்பக் கேட்டால், பெரியம்மா, எரிச்சல்படாமல் ஒவ்வொரு முறையும் முழுப்பெயரைச் சொல்லுங்கள்.

கமலா மாமி: மச்சாள் வீட்டுக்கு வந்தபின் சமையல் என் பொறுப்பு. கத்தரிக்காய், இறால், கணவாய் எல்லாம் காயத்தை ஆறவிடாத கிரந்திச் சாப்பாடு என்பதால் மூன்று மாதத்துக்கு நிறுத்திவிடுவேன். கட்டிலை விட்டு இறங்கவும் விடமாட்டேன்.

வதனி: மாமி, உங்கள் அன்பு தெரிந்தே இதைச் சொல்கிறேன்: கட்டிலில் கிடத்துவதுதான் இன்று நாங்கள் மிகவும் அஞ்சும் விடயம். டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்றிக் கேலெற் என்ற நிபுணர் 1990களில், நோயாளி ஏன் இன்னும் வைத்தியசாலையில் இருக்கிறார் என்ற கேள்வியை எழுப்பி, பட்டினி, தேவையற்ற குழாய்கள், கடுமையான நோவு மருந்துகள், நீண்ட படுக்கை என்று ஒவ்வொன்றாகக் குறைத்துக் காட்டினார். விரைவாக உடல் தேறவைக்கும் இன்றைய முறைகள் அங்கிருந்து வளர்ந்தவை. அசையாமல் கிடந்தால் காலில் குருதி உறையலாம், நெஞ்சில் சளி கட்டலாம், தசையும் வலுவிழந்துவிடும். பெரியம்மாவை அன்று மாலையே கைபிடித்து நடக்கவிட்டால் நல்லது. சாப்பாட்டைப் பொறுத்தவரை, காயம் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். மீனும் முட்டையும் பருப்பும் தாராளமாகக் கொடுங்கள். இறாலோ கணவாயோ ஒவ்வாமை இல்லாதவருக்குக் காயத்தைக் கெடுப்பதில்லை. எண்ணெயில் பொரித்தவற்றை மட்டும் தொடக்கத்தில் குறைத்துக்கொள்ளுங்கள்.

கமலா மாமி: சரி பிள்ளை, வைத்தியர் சொன்னால் கேட்கத்தான் வேண்டும். விளைமீன் குழம்பு வைத்துக் கொடுக்கிறேன். முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீரும் கொடுக்கக்கூடாது என்பது சரிதானே?

வதனி: அதுவும் மாறிவிட்டது, மாமி. பொதுவாகச் சாப்பாட்டை ஆறு மணித்தியாலத்துக்கு முன்னரும், தண்ணீர், பால் விடாத வெறுந்தேநீர் போன்ற தெளிந்த நீராகாரத்தை இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னரும் நிறுத்தினால் போதும். ஆனால் நீரிழிவு உள்ளவர்களில் சிலருக்கு இரைப்பை மெதுவாகவே காலியாகும் என்பதால், பெரியம்மாவுக்குரிய நேரத்தை அங்குள்ள மயக்க மருந்து வைத்தியரே சொல்லவேண்டும். இன்னொன்று: வயிற்று மயிரை வீட்டில் சவர அலகால் வழித்துவிட்டு அனுப்பாதீர்கள். அலகு கீறும் சிறு காயங்களில் கிருமி குடியேறும். தேவைப்பட்டால் அங்கே கிளிப்பரால் கத்தரித்துவிடுவார்கள்.

சிவம் மாமா: என் சிநேகிதர் ஒருவருக்குக் கமரா முறையில் செய்த மறுநாள் தோள்மூட்டு நொந்து, மாரடைப்போ என்று வீட்டார் கலங்கிவிட்டார்கள். அது ஏன், பிள்ளை?

வதனி: வயிற்றில் எஞ்சிய வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகட்டை உறுத்துவதால், அதன் நரம்பின் வழியே நோவு தோளில் தெரியும், மாமா. எழுந்து நடக்க நடக்க ஓரிரு நாளில் அது தணியும். ஆனால் நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல், காய்ச்சல், கண் மஞ்சளாதல், கூடிக்கொண்டே போகும் வயிற்று நோவு ஆகியவற்றில் எது வந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே கொண்டுபோக வேண்டும்.

மோகன் அண்ணா (ரொறன்ரோ): சென்னைப் பேச்சை நான் விட்டுவிடுகிறேன். அம்மா யாழ்ப்பாணத்திலேயே செய்யட்டும். நான் லீவு எடுத்துக்கொண்டு வருகிறேன். நான் வருவதற்கு முன் செய்யவேண்டியது ஏதும் உண்டா?

வதனி: உண்டு. பெரியம்மா, நீங்கள் போடும் நீரிழிவுக் குளிசைகளின் பெயர்களை அட்டையைப் பார்த்து இங்கே எழுதுங்கள்.

பெரியம்மா: ஒன்று மெற்போமின். மற்றது எம்பாகிளிபுளோசின் என்று இருக்கிறது.

வதனி: அந்த இரண்டாவது குளிசையைத்தான் தேடினேன். சத்திரசிகிச்சையின்போது அது உடலில் இருந்தால், சீனியின் அளவு பெரிதாக ஏறாமலே குருதியில் அமிலம் கூடிவிடக்கூடும். அதனால் வழமையாக மூன்று நாள்களுக்கு முன்னரே நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தவேண்டாம். கிளினிக் போகும்போது இரண்டு அட்டைகளையும் கொண்டுபோய், எதை எந்த நாளில் நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்று கேட்டு, கொப்பியில் எழுதுவித்துக்கொண்டு வாருங்கள். மாமா, நீங்களும் கூடப் போங்கள்.

சிவம் மாமா: நான் கூட்டிக்கொண்டு போகிறேன். அட்டைகளை இப்போதே கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிடுங்கள், அக்கா.