பன்றி தொடாத பயிர்

காட்டுப்பன்றி பயிரை அழிக்கும் தொல்லை பற்றி இங்கே எனக்கு முன்னால் எழுதியவர்கள் எல்லாரும் மலைக்குக் கீழ்ப்பக்கத்துக்காரர்கள். நான் மலைப்பக்கம். நல்லமிளகு (குருமிளகு) வாங்க, குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் இருக்கும் காணிப் பழங்குடிக் குடியிருப்புகளுக்குப் போய்வருகிறவன்.

அங்கே ஒரு பாட்டா (தாத்தா) வருஷக்கணக்காக மரச்சீனி, அதாவது மரவள்ளி, போட்டுவந்த விளையில் (தோட்டத்தில்) இந்தத் தடவை ரப்பர் கன்று நிற்கிறது. "மரச்சீனிய ஏன் விட்டிய?" என்று கேட்டேன். "மரச்சீனி வச்சா பன்னிக்கு, ரப்பர் வச்சா எனக்கு. எத்தன நாளு மக்கா ஏறுமாடத்துல முழிச்சிருக்க?" என்றார். ஏறுமாடம் என்பது மரத்தின் மேல் கட்டிய காவல் பரண். பால் வெட்ட ஏழு வருஷம் ஆகுமே என்றதற்குச் சிரித்தார், அவ்வளவுதான்.

2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டர் வரை என்றால் பிடித்துக் காட்டுக்குள் விடலாம். 1 கிலோமீட்டருக்குள்ளே என்றால் சுடவே கூடாது. காட்டுக்குள் சுடக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பாட்டாவின் விளை இருப்பதே காட்டுக்குள்தான். 2008-இல் இந்தக் காட்டை வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கும் முன்பே, தலைமுறை தலைமுறையாக அங்கே இருப்பவர்கள். பன்றியைக் காக்கிறோம், சரி. அதனால் மரச்சீனியும் வாழையும் நல்லமிளகும் கலந்து நின்ற விளை ஒற்றை ரப்பராக மாறினால் காட்டுக்கு என்ன லாபம்?

ரப்பர் வைத்தால் நிம்மதி என்றும் இல்லை. இளங்கன்றுகளுக்கு இடையே கைதச்சக்கை (அன்னாசி) போட்டால் அந்த மணத்துக்கு யானை வரும். ரப்பர் பால் வெட்டுக்காரர்களின் பாடு இன்னும் மோசம். குளிர் நேரத்தில்தான் பால் நன்றாக வடியும், வெயில் ஏறினால் குறையும். அதனால் விடியும் முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். யானை நடமாடுவதும் அந்த நேரத்தில்தான். 'வெளிச்சம் வந்தபிறகு வெட்டுங்கள்' என்று சொல்வது சுலபம். குறையும் பாலுக்கு யார் கூலி கொடுப்பது? அந்த வித்தியாசத்தை ஈடுகட்டினால், உயிர் போனபிறகு கொடுக்கும் நிவாரணத்தைவிட மலிவாகத்தான் இருக்கும் என்பது என் கணக்கு.

தொங்கும் சூரிய வேலி, அதாவது மேலிருந்து தொங்கும் கம்பிகளில் சூரிய மின்சாரம் பாயும் வேலி, யானையைத் தடுக்கப் பலன் தருகிறது என்கிறார்கள். குடியிருப்பைச் சுற்றி அதைப் போட்டுப் பார்த்தவர்கள் கோதையாறு, கீரிப்பாறை பக்கம் யாராவது இருந்தால் எழுதுங்கள். பன்றி அடியில் நுழைகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பாட்டா கேட்கச் சொன்னார்.