நாலு மாதமாகச் சம்பளம் இல்லை, "எல்லாம் வந்துவிட்டது" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத் தம்பி கப்பலைவிட்டு இறங்கலாமா?

தம்பிக்காக:

என் தம்பி ஒரு சரக்குக் கப்பலில் தேர்ட் இன்ஜினியர். நாலு மாதமாகச் சம்பளம் வரவில்லை. முதல் மாதம் பேங்கில் ஏதோ கோளாறு என்றார்கள், அடுத்த மாதம் கப்பலை விற்கப் போகிறோம், புது ஓனர் மொத்தமாகக் கொடுத்துவிடுவார் என்றார்கள், இப்போது ஓனர் போனையே எடுப்பதில்லை. கப்பல் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே ஆங்கரேஜில் (நங்கூரம் போடும் இடத்தில்) நிற்கிறது. டீசலை மிச்சம் பிடிக்க ஜெனரேட்டரை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் ஓட்டுகிறார்களாம். சமையல், போன் சார்ஜ், ஃப்ரீசர் எல்லாம் அதற்குள். மழை வந்தால் ஹேட்ச் கவர் (சரக்கு அறையின் மூடி) மேல் தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் பிடிக்கிறார்கள்.

நேற்று கம்பெனியின் ஏஜென்ட் ஒரு தாள் நீட்டியிருக்கிறார். எனக்கு வரவேண்டிய பணமெல்லாம் வந்துவிட்டது, கம்பெனியிடம் இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் இந்த வாரமே டிக்கெட், சம்பளம் வீட்டுக்குப் போனதும் அக்கவுண்டில் விழும் என்கிறாராம். தம்பி போட்டுவிடலாம் என்கிறான், அம்மாவும் பணம் போனால் போகட்டும், பிள்ளை வந்தால் போதும் என்கிறார். போடாமல் இறங்கினால் சம்பளம் போய்விடும் என்று கேப்டன் வேறு சொல்கிறாராம். உண்மையா?

எண்ணெய்க்கை:

அக்கா, மற்றதை அப்புறம் படியுங்கள், முதலில் தம்பிக்கு "போடாதே" என்று ஒரு மெசேஜ் தட்டிவிடுங்கள்.

நான் செகண்ட் இன்ஜினியராக இருந்தபோது ஏழு மாதம் இப்படிக் கிடந்தவன். எங்களில் ஆறு பேர் இதே மாதிரி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு இறங்கினார்கள். டிக்கெட் வந்தது, பணம் வரவில்லை, கேட்டபோது அந்தத் தாளைத்தான் ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். மிச்சம் இருந்த நாங்கள் மட்டும் புத்திசாலிகளா என்றால் அதுவும் இல்லை. இறங்கினால் சம்பளம் போச்சு என்று உங்கள் கேப்டன் சொல்வதை அப்படியே நம்பி, கப்பலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசி இரண்டு மாதம் அரிசியும் ராத்திரி தூண்டில் போட்டுப் பிடித்த மீனும்தான். போசனுக்கு (டெக் ஆட்களின் மேஸ்திரி) பல் வீங்கி முகமே கோணிப்போனது, கரைக்குக் கூட்டிப்போக ஒரு படகு ஏற்பாடு செய்ய ஒன்பது நாள் ஆனது. அந்த இரண்டு மாதம் உட்கார்ந்ததால் ஒரு பைசாகூட அதிகம் கிடைக்கவில்லை.

கோப்புக்காரன்:

கப்பல் வழக்குகளில் வேலை பார்க்கிறேன். கேப்டன் சொல்வது தவறு. மாலுமியின் சம்பளப் பாக்கி கப்பல்மேலேயே ஏறி நிற்கும் கடன், ஆள் இறங்கினாலும் அது இறங்காது. ஓனர் கப்பலைக் கைமாற்றி விற்றாலும் கூடவே போகும். கோர்ட் கப்பலைப் பிடித்து ஏலம் விட்டால், அந்தப் பணத்தில் கப்பலை அடமானம் பிடித்த பேங்குக்கு முன்னால் மாலுமிக்குத்தான் பங்கு. ஆனால் காலக்கெடு உண்டு, சில நாடுகளில் ஒரே வருடம், அதனால் வீட்டுக்கு வந்து ஆறப்போடக் கூடாது.

அடுத்தது இன்ஷூரன்ஸ். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2014இல் ஒரு திருத்தம் வந்து, 2017 ஜனவரி 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஊருக்கு அனுப்பும் செலவை ஓனர் ஏற்காவிட்டாலோ, சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் இல்லாமல் விட்டாலோ, இரண்டு மாதமாவது சம்பளம் தராமல் தொடர்பை அறுத்துக்கொண்டாலோ அந்த மாலுமி கைவிடப்பட்டவர் என்றே கணக்கு. மூன்றில் ஒன்று போதும், உங்கள் தம்பி விஷயத்தில் கடைசி இரண்டுமே இருக்கிறது. இதற்கென்று கப்பலில் ஆட்கள் பார்க்கிற இடத்தில் ஒரு இன்ஷூரன்ஸ் சான்றிதழ் ஒட்டியிருக்க வேண்டும். பெரும்பாலும் மெஸ் ரூமில் பாதுகாப்புப் போஸ்டர்களுக்கு நடுவே இருக்கும், யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அதில் இன்ஷூரன்ஸ் கொடுத்தவர் பெயர் (அநேகமாக ஒரு பி அண்ட் ஐ கிளப், அதாவது கப்பல் ஓனர்கள் சேர்ந்து நடத்தும் இன்ஷூரன்ஸ் சங்கம்), போன் நம்பர், முடியும் தேதி எல்லாம் இருக்கும். மாலுமி நேரடியாகவே அவர்களிடம் கேட்கலாம், ஓனர் சம்மதம் தேவையில்லை. ஊருக்கு டிக்கெட், அதுவரை சாப்பாடு, தண்ணீர், மருத்துவம், சம்பளப் பாக்கி எல்லாம் அதில் அடங்கும். சம்பளம் மட்டும் நாலு மாதம் வரைதான், அதற்குமேல் கப்பலில் உட்கார்ந்து ஏறுகிற பாக்கிக்கு ஏலத்தில் வரும் பணம்தான் கதி. எண்ணெய்க்கை அண்ணன் வாழ்ந்து பார்த்த கணக்கு இதுதான்.

பழைய போசன்:

எல்லாம் சரி, ஆனால் பேப்பரில் இருப்பது கடலில் அப்படியே நடக்காது தம்பி. ஒரு கப்பலுக்கு ஒரு கம்பெனி என்று வைத்திருப்பார்கள், கப்பலின் விலையைவிடக் கடன் அதிகமானதும் அந்தக் கம்பெனியைக் கைகழுவிவிட்டுப் போய்விடுவார்கள், கொடி, அதாவது கப்பலின் பதிவு, ஏதோ ஒரு நாட்டுடையது, ஓனர் இன்னொரு நாட்டில். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கமான ஐடிஎஃப் கணக்கில் 2024இல் மட்டும் இப்படிக் கைவிடப்பட்டது 312 கப்பல், 3,133 பேர்.

அப்புறம், எல்லாரும் ஒரே நாளில் இறங்குவதைத் துறைமுகம் விடாது. ஆளில்லாத கப்பல் புயலில் நங்கூரம் இழுத்துக்கொண்டு போய் எதன்மேலாவது மோதினால் யார் பொறுப்பு என்பார்கள், மாற்று ஆள் வரும்வரை இவ்வளவு பேர் இருந்தே ஆகவேண்டும் என்பார்கள். இங்கேதான் "இந்தக் கப்பலுக்கு நான் பொறுப்பு" என்று இரண்டாவது தாள் வரும், அதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். எகிப்தில் அமன் என்ற கப்பலை 2017இல் பிடித்து வைத்தபோது, சிரியாக்காரரான சீஃப் ஆபீசரைக் கோர்ட் அந்தக் கப்பலுக்குப் பொறுப்பாளர் ஆக்கியது. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள், அவர் மட்டும் 2021 ஏப்ரல் வரை அதிலேயே, கடைசிக் காலம் தன்னந்தனியாக. புயலில் கப்பல் கரைப்பக்கம் ஒதுங்கியபிறகு, நீந்திப் போய் சாப்பாடு வாங்கி, போன் சார்ஜ் போட்டுக்கொண்டு திரும்புவாராம். புரியாத மொழியில் எந்தத் தாள் வந்தாலும் போட்டோ எடுத்து வெளியே அனுப்பிக் கேட்காமல் பேனாவைத் தொடக் கூடாது.

எண்ணெய்க்கை:

போசன் அண்ணன் சொன்னதில் பாதி எங்களுக்கும் நடந்தது. ஆனாலும் ஐடிஎஃப் இன்ஸ்பெக்டருக்கு மெயில் போன பத்தாம் நாள் தண்ணீர்ப் படகு வந்தது. அந்த மெயிலை ஏழாவது மாதம் போட்டோம், மூன்றாவது மாதமே போட்டிருக்கலாம். ஒரே மெயிலில் கொடி நாட்டு அலுவலகம், துறைமுகத்தின் கப்பல் சோதனை அதிகாரி, ஐடிஎஃப், இன்ஷூரன்ஸ் நாலு பேரையும் போடச் சொல்லுங்கள், ஒருவர் தூங்கினால் இன்னொருவர் எழுப்புவார். ஐஎம்ஓ எண் (கப்பலின் அடையாள எண்), நிற்கும் இடம், மிச்சமுள்ள தண்ணீர் எத்தனை டன், அரிசி எத்தனை நாளைக்கு, யாருக்கு என்ன மருந்து வேண்டும் என்று எண்ணாக எழுதட்டும். "மிகவும் கஷ்டப்படுகிறோம்" என்று எழுதினால் யாரும் அசையமாட்டார்கள்.

தம்பிக்காக:

எல்லாருக்கும் நன்றி. கையெழுத்துப் போடவில்லை. சான்றிதழ் மெஸ் ரூமிலேயே இருந்ததாம், ஃபயர் பிளானுக்குப் பின்னால் பாதி மறைந்து, தேதி இன்னும் முடியவில்லை. இன்ஷூரன்ஸ்காரர்கள் பதில் போட்டு, ஒவ்வொருவரின் வேலை ஒப்பந்தமும் சம்பளக் கணக்கும் கேட்கிறார்கள். குக்கிடம் ஒப்பந்த நகலே இல்லை, கொடுக்கவே இல்லையாம். அவர் என்ன செய்வது?

கோப்புக்காரன்:

அவர் பெயர் உள்ள க்ரூ லிஸ்டின் (கப்பல் ஆட்கள் பட்டியல்) நகல், அவருடைய மாலுமிப் புத்தகத்தில் சைன் ஆன் (வேலையில் ஏறிய) முத்திரை உள்ள பக்கம், முன்பு ஒழுங்காகச் சம்பளம் வந்த மாதங்களின் பேங்க் ஸ்டேட்மென்ட், இந்த மூன்றையும் இன்றே போட்டோ எடுத்து அனுப்பட்டும். கப்பலில் கேப்டன் வைத்திருக்கும் ஒப்பந்தப் பிரதியையும் எழுத்தில் கேட்கட்டும். போன் சார்ஜ் இருக்கும்போதே.