உதவி தேவை: லினக்ஸ் மின்ட் போட்டாச்சு, வைஃபை மட்டும் காணோம்

புதுக்கணக்கு (கேள்வி)

வணக்கம். விண்டோஸுக்கு மாற்று இயங்குதளமான லினக்ஸ் பக்கம் வந்து இன்றோடு மூன்று நாள். கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்து வருடத்துக்கு மேல் ஓடிய லேப்டாப், 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை என்று கைவிரித்துவிட்டது. நன்றாக ஓடுகிற மெஷினைத் தூக்கிப் போட மனசில்லை. அதனால் லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரைத்தோற்றம் கொண்ட பதிப்பை விண்டோஸ் பக்கத்திலேயே நிறுவினேன். வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் வைஃபை சின்னமே இல்லை. பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கூட வரவில்லை. விண்டோஸில் போய்ப் பார்த்தால் வைஃபை ஒழுங்காக வேலை செய்கிறது.

செய்து பார்த்தது: லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து, வைஃபையை இயக்கும் மென்பொருளான டிரைவரை விண்டோஸில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து, இங்கே இரண்டு முறை சொடுக்கினேன். உள்ளே இருக்கிற கோப்புகளைப் பட்டியல் போட்டுக் காட்டியதே தவிர எதுவும் நிறுவவில்லை.

இன்னொரு குழப்பம். நான் போட்டது மின்ட். தேடினால் வருகிற உதவி எல்லாம் உபுண்டு என்ற வேறொரு லினக்ஸுக்கு என்று இருக்கிறது. தப்பான ஒன்றைப் போட்டுவிட்டேனா?

கறுப்புத்திரை

தப்பாக எதுவும் போடவில்லை. அந்தக் கோப்பு .இஎக்ஸ்இ வகை, அது விண்டோஸின் மொழி. லினக்ஸுக்கு அது வெறும் மூட்டை, அதனால்தான் பிரித்துக் காட்டியது. இங்கே டிரைவர்களில் பெரும்பாலானவை கர்னலோடு (லினக்ஸின் உள்பகுதி) சேர்ந்தே வரும். வெளியே போய் இறக்குவது அபூர்வம்.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். நிறுவும் முன் பென்டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டிப் பார்த்தபோது வைஃபை வந்ததா? அப்புறம், டெர்மினலை (கட்டளை அடிக்கும் சாளரம்) திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து எழுத்தை, சின்ன எழுத்தாக, இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டுங்கள். கணினியில் இருக்கிற வன்பொருள்களின் நீளப் பட்டியல் வரும். அதில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று இருக்கிற வரி வேண்டும்.

புதுக்கணக்கு

பென்டிரைவில் ஓட்டியபோதும் வரவில்லை. நிறுவினால் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். நீங்கள் சொன்ன வரியைப் படமாகப் போட்டிருக்கிறேன்.

கறுப்புத்திரை

படத்தைப் பார்த்தேன். நினைத்த சிப்தான். அடுத்த முறைக்கு: பென்டிரைவில் ஓட்டும்போது வேலை செய்யாதது நிறுவிய பிறகு தானாக வேலை செய்யாது. இரண்டும் ஒரே கர்னல்தான். வைஃபை, சத்தம், திரை வெளிச்சம், மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா என்பதையெல்லாம் அங்கேயே பார்த்துவிட வேண்டும். ஒரு பைசா செலவில்லை, வட்டில் ஒரு எழுத்துகூட மாறாது.

இப்போதைக்கு: போனை கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போனின் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கை (போனின் இணையத்தைக் கேபிள் வழியே பகிர்வது) இயக்குங்கள். கம்பி இணைப்பு வந்துவிட்டது என்று லினக்ஸ் நினைத்துக்கொள்ளும். போன் வைஃபையில் இருந்தால் மொபைல் டேட்டாவும் செலவாகாது. பிறகு மெனுவில் டிரைவர் மேனேஜர் என்று தேடித் திறங்கள். உங்கள் சிப்புக்கு ஒரு டிரைவர் காட்டும். அதைத் தேர்ந்தெடுத்து, முடிந்ததும் மறுதொடக்கம்.

பழைய_விசைப்பலகை

மின்ட், உபுண்டு குழப்பத்துக்கு நான் பதில் சொல்கிறேன், எனக்குப் பிடித்த விஷயம்.

லினக்ஸ் என்பது உண்மையில் கர்னல் மட்டும்தான், அதாவது வன்பொருளோடு பேசுகிற உள்பகுதி. ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் அதை வெளியிட்டார். அதற்கு முன்பே, 1983-இல், ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு என்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்து மற்ற கருவிகளைச் சேர்க்கத் தொடங்கியிருந்தார். இரண்டையும் சேர்த்து, மேலே திரைத்தோற்றம், செயலிகள் எல்லாம் வைத்து, நிறுவத் தயாராகத் தருவதுதான் 'வழங்கல்'. டெபியன் 1993-இல் வந்தது. அதை அடியாக வைத்து உபுண்டு 2004-இல். உபுண்டு மேல் மின்ட் 2006-இல். உங்கள் மின்ட் 22-க்கு அடியில் இருப்பது உபுண்டு 24.04. அதனால் அந்தப் பதிப்புக்கு எழுதிய உதவி பெரும்பாலும் உங்களுக்கும் பொருந்தும். அதில் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டுகள் மட்டும் வேறு மாதிரி தெரியும்.

வைஃபை ஏன் வரவில்லை என்பதும் இதோடு சேர்ந்த கதை. ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல், அதனால் ஸ்டால்மன் காலம் பூராவும் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது (நிரலைத் திறந்து பார்க்கலாம், மாற்றலாம்) வேறு. உங்கள் வைஃபை டிரைவர் இலவசம், ஆனால் கட்டற்றது இல்லை. அதன் முக்கியமான பகுதியின் நிரலை சிப் செய்தவர்கள் வெளியிடவில்லை. மூடிய கோப்பாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கர்னலுக்குள் சேர்க்க முடியாது, தனியாக வாங்கி ஒட்ட வேண்டியிருக்கிறது.

புதுக்கணக்கு

டெதரிங் வேலை செய்தது! டிரைவர் மேனேஜரில் ஒன்று காட்டியது, போட்டேன். நடுவில் ஒரு கடவுச்சொல் வைக்கச் சொன்னது, வைத்தேன். மறுதொடக்கம் செய்தேன். வைஃபை இப்போதும் இல்லை. டிரைவர் மேனேஜரில் மட்டும் அந்த டிரைவர் பயன்பாட்டில் இருப்பதாகத்தான் காட்டுகிறது. எனக்குத் தலை சுற்றுகிறது.

கறுப்புத்திரை

மறுதொடக்கம் ஆகும்போது நடுவில் நீலத் திரை ஏதாவது வந்ததா?

புதுக்கணக்கு

வந்தது. ஏதாவது விசையைத் தட்டு என்று பத்திலிருந்து எண்ணிக்கொண்டே வந்தது. விண்டோஸ் நீலத் திரை மாதிரி ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து தொடாமல் விட்டேன். தானாகவே போய்விட்டது.

கறுப்புத்திரை

அதுதான் விஷயம். நூற்றில் பாதிப் பேர் இங்கேதான் விழுகிறார்கள், நானும் விழுந்திருக்கிறேன்.

உங்கள் லேப்டாப்பில் செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பு இயங்குகிறது. டிஜிட்டல் கையெழுத்து இல்லாத எந்த டிரைவரையும் கர்னலுக்குள் ஏற்ற அது விடாது. இந்த டிரைவர் உங்கள் கணினியிலேயே, உங்கள் கர்னலுக்கு ஏற்றபடி கட்டப்பட்டது. வெளியில் யாரும் அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது. அதனால் கணினியே ஒரு சாவி செய்து கையெழுத்துப் போடுகிறது. அந்தச் சாவியை நம்பலாமா என்று உங்களைக் கேட்கத்தான் அந்த நீலத் திரை. பதில் வராததால் நம்ப வேண்டாம் என்று எடுத்துக்கொண்டது.

நத்தை

செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை. ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

கறுப்புத்திரை

நத்தை, அணைத்தால் வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் இவரிடம் விண்டோஸும் இருக்கிறது. அதில் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால், பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்பு) கைவைத்த பிறகு விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கலாம். அது கையில் இல்லாதவர் கதி என்ன? முதலில் நேர்வழியைப் பார்ப்போம்.

புதுக்கணக்கு, டெதரிங்கை மறுபடி இயக்கி, டிரைவர் மேனேஜரில் அந்த டிரைவர் வேண்டாம் என்று மாற்றி, பிறகு திரும்பவும் போடுங்கள். கடவுச்சொல் கேட்கும். எளிதாக எட்டெழுத்து ஒன்று வைத்து, தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முறைதான் தேவைப்படும். மறுதொடக்கத்தில் நீலத் திரை வந்ததும் உடனே ஒரு விசையைத் தட்டுங்கள். பட்டியலில் மேலே இருக்கிற 'கன்டினியூ பூட்'டைத் தொடாதீர்கள். அதற்குக் கீழே 'என்ரோல் மோக்'. அதில் போய் கன்டினியூ, யெஸ், கடவுச்சொல், கடைசியில் ரீபூட். கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது, விசைப்பலகை செத்துவிட்டது என்று பதற வேண்டாம். கடவுச்சொல்லே கேட்கவில்லை என்றால் இங்கே சொல்லுங்கள், டெர்மினலில் ஒரு வரி இருக்கிறது.

பழைய_விசைப்பலகை

மோக் என்பது 'இயந்திர உரிமையாளரின் சாவி' என்பதன் சுருக்கம். லேப்டாப் வாங்கி இத்தனை வருடத்தில் உரிமையாளர் என்று உங்களைக் கூப்பிட்ட முதல் திரை அதுவாகத்தான் இருக்கும். நீங்கள் பயந்து ஓடிவிட்டீர்கள்.

புதுக்கணக்கு

வந்துவிட்டது!! சின்னமும் வந்தது, பக்கத்து வீட்டு வைஃபை பெயர் உட்பட எல்லாம் வரிசையாக நிற்கிறது. நீலத் திரையில் கை நடுங்கி முதல் தடவை கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தேன், மறுபடி கேட்டது.

இன்னும் ஒன்றே ஒன்று. விண்டோஸ் இருக்கிற சி டிரைவைத் திறந்தால் கோப்புகளைப் படிக்க முடிகிறது, எதையும் சேமிக்க முடியவில்லை.

நத்தை

இது என் ஏரியா. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்குகிறது. ஷட்டவுன் செய்தாலும் அது முழுசாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும். தூங்குகிறவரின் வட்டில் எழுதினால் கோப்புகள் கெட்டுப்போகலாம் என்று லினக்ஸ் ஒதுங்கி நிற்கிறது. விண்டோஸில் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போய் பவர் பட்டன் அமைப்பில் அதை எடுத்துவிட்டு ஒரு தடவை ஷட்டவுன் செய்யுங்கள். அப்புறம் விண்டோஸுக்குப் போகும்போது கடிகாரம் மாறியிருந்தாலும் பயப்படாதீர்கள். லினக்ஸ் உள் கடிகாரத்தில் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தை வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கும்.

புதுக்கணக்கு

ஆமாம், விண்டோஸில் கடிகாரம் தப்பாகத்தான் இருந்தது, பேட்டரி போய்விட்டது என்று நினைத்திருந்தேன். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை எடுத்தாச்சு, சி டிரைவில் சேமிக்கவும் முடிகிறது. தலைப்பில் 'தீர்ந்தது' என்று எப்படிப் போடுவது?

மழைக்குருவி

எனக்கும் இதே சிப், இதே நீலத் திரை. ஒரு மாதமாகப் போன் கேபிளோடு உட்கார்ந்திருந்தேன். இப்போதுதான் 'என்ரோல் மோக்' தட்டினேன். கேபிளை மடித்து வைத்துவிட்டேன்.