1979-இல் வாங்கிய டைரல் பி34 கிட்: டயர் உருகி ஒட்டியிருக்கிறது, டீகால் மஞ்சளாகிவிட்டது. உதவி தேவை

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். பரணிலிருந்து ஒரு பழைய கார் கிட்டை இறக்கியிருக்கிறேன். பாகங்களை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாடல், நிஜக் காரில் 1/20 அளவு. ஆறு சக்கர ஃபார்முலா ஒன் பந்தயக் கார், டைரல் பி34. 1979-இல் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வரும்போது வாங்கி வந்தார். அண்ணனுக்கு அப்போது 13 வயது, எனக்கு 9. எஞ்சினையும் அடித்தட்டையும் அண்ணன் ஒட்டி முடித்தான். கிட்டோடு பெயின்ட் வராததால், வாசல் கேட்டுக்கு அடித்து மீந்திருந்த நீல எனாமலை எடுத்து பாடிக்கு அடித்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பாகங்களை எண் பார்த்து எடுத்துக் கொடுப்பேன். அந்தக் கோடை முடிந்ததும் அவன் ஹாஸ்டலுக்குப் போனான், கிட் பரணுக்குப் போனது.

வரும் தை மாதம் திருக்கடையூரில் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். அதற்குள் காரை முடித்து அவன் கையில் கொடுக்க வேண்டும்.

பிரச்சினைகளைச் சொல்கிறேன். சின்ன முன்டயர்களில் இரண்டு, பெட்டிக்குள் அடித்தட்டின் மேல் கிடந்திருக்கின்றன. இப்போது அவை பிளாஸ்டிக்குக்குள் இறங்கி ஒட்டியிருக்கின்றன. ஒன்றை லேசாக நெம்பினேன். கீழே வட்டமாகப் பள்ளம், விரல் வைத்தால் பிசுபிசுக்கிறது. டீகால் (நீரில் நனைத்து பாடியில் ஒட்டும் எழுத்துகளும் பட்டைகளும்) தாள் முழுக்க மஞ்சள் பாய்ந்து, ஓரங்களில் பொடிப்பொடியாக வெடித்திருக்கிறது. பாடியில் பிரஷ் கோடுகள் அப்படியே தெரிகின்றன. எதிலிருந்து தொடங்கட்டும்?

வாட்டர்பேப்பர்:

சார், நெம்புவதை முதலில் நிறுத்துங்கள். டயர் உருகவில்லை. பழைய வினைல் டயரை மென்மையாக வைத்திருக்க அதில் ஒருவித எண்ணெய் கலந்திருப்பார்கள். வருடக்கணக்கில் அது வெளியே கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் கிட் பிளாஸ்டிக்கை (பாலிஸ்டைரீன்) கரைக்கும். அந்தக் காலத்துக் கிட்டுகளில் இது சகஜம், எந்த நாட்டில் செய்ததானாலும் சரி.

அடித்தட்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வையுங்கள். டயர் விறைத்துக்கொள்ளும். வெளியே எடுத்தவுடனே, மெல்லிய மரக்குச்சியை ஓரத்தில் கொடுத்துச் சுற்றிச் சுற்றி விடுவியுங்கள். இரும்பு எதுவும் வேண்டாம். டயர் வந்த பிறகு பள்ளத்தைச் சோப்பு நீரில் கழுவி, காற்றுப் பட வைத்து விடுங்கள். தொடர்பு விட்டதும் அந்த இடம் மெல்ல இறுகும். எத்தனை நாளானாலும் இறுகாத மேல்படலத்தை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்ஸி பட்டி போட்டு, 600 எண் உப்புத்தாளில் தேய்த்து 1000-இல் முடியுங்கள். ஈரமாகவே இருக்கும்போது பட்டி போட்டால் பின்னால் கழன்று வரும்.

டயரை மறுபடி ரிம்மில் மாட்டும்போது நடுவில் சமையலறை அலுமினியத் தாளை மெல்லிய பட்டையாக வெட்டி ரிம்மைச் சுற்றி விடுங்கள். வெளியே தெரியாது. இல்லாவிட்டால் அடுத்தது ரிம் போகும்.

பாடியைப் பொறுத்தவரை என் யோசனை, பெயின்டை முழுக்க எடுத்துவிட்டுச் சரியான நீலத்தை அடிப்பதுதான். எனாமலுக்கு ஸ்பிரிட் அவ்வளவாக வேலை செய்யாது. காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்தால் எனாமல் தோலாக உரிந்து வரும், பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. சோடாவைத் தண்ணீரில் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். குரோம் பூசிய பாகம் எதுவும் அந்தப் பக்கம் போகவே கூடாது. அந்தப் பளபளப்பு அலுமினியப் படலம், சோடாவில் கரைந்து ஓடிவிடும்.

பொறுமைபோதும்:

டீகாலைப் பற்றி நான் சொல்கிறேன். எதைத் தொடுவதற்கும் முன்னால் தாளை 600 டிபிஐயில் ஸ்கேன் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பிறகு அதை ஜிப் கவரில் போட்டு, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் டேப் வைத்து ஒட்டுங்கள். மஞ்சளானது பெரும்பாலும் மேலே இருக்கும் படலம்தான், வெயிலில் மெல்ல வெளுக்கும். சிவப்பு மங்கிவிடாமல் இருக்கிறதா என்று தினமும் ஒரு பார்வை பாருங்கள். உங்கள் ஊரில் இப்போது அடைமழை என்பதால் நாள் கூடப் பிடிக்கலாம்.

அடுத்து, தேவையில்லாத ஒரு சின்ன எழுத்தை வெட்டி வெதுவெதுப்பான நீரில் போட்டுப் பாருங்கள். அது சிதறிப்போனால் மற்றவையும் சிதறும். அப்போது தாள் முழுவதற்கும் மைக்ரோஸ்கேல் கம்பெனியின் டீகால் ஃபிலிம் திரவத்தையோ பளபளப்பான கிளியர் லாக்கரையோ மெல்லியதாகப் பூசுங்கள். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பூசிய பிறகு தாள் முழுக்க ஒரே படலமாகிவிடும். ஒவ்வொரு டீகாலையும் அதன் ஓரத்தை ஒட்டியே கத்தரிக்க வேண்டும். சும்மா சதுரமாக வெட்டி எடுத்தால் சுற்றிலும் படலம் ஒட்டிக்கொண்டே வரும்.

வீட்டு பிரின்டரில் அச்சடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதில் வெள்ளை மை கிடையாது. நீலப் பாடியின் மேல் வெள்ளை எழுத்து வராது. அதனால் இந்தத் தாளைக் காப்பாற்றுவதுதான் வழி.

ஈப்போக்காரன்:

அண்ணே, வணக்கம். ஈப்போவில் இருந்து எழுதுகிறேன். நானும் சின்ன வயதில் கிட்டோடு வந்த டியூப் பசையை நூலாக இழுத்து இழுத்து ஒட்டியவன்தான், அதனால் இதைப் படித்ததும் சும்மா போக முடியவில்லை.

வாட்டர்பேப்பர் சார் சொன்ன டயர் வைத்தியம் சரி. ஆனால் பெயின்டை உரிக்காதீர்கள். பி34-இன் சரியான நீலம் கடையில் கிடைக்கும். இந்தக் காரின் கிட் மறுபடி மறுபடி வெளிவந்திருக்கிறது, புதிதாகவே வாங்கி, சரியான நிறத்தில் இன்னொன்று கட்டிக்கொள்ளலாம். அந்த 13 வயதுப் பையன் அடித்த கேட் நீலம் இந்த ஒரு பாடியில்தான் இருக்கிறது. உங்கள் அண்ணன் பெட்டியைத் திறந்ததும் அதைத்தான் தேடுவார். சோடாவில் போட்டால் அது திரும்ப வராது.

டீகாலில் ஜப்பானிய எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது 1976 அக்டோபரில் ஜப்பானின் ஃபூஜி பந்தயத் தடத்தில் ஓடிய கார். அன்று மழையில் டைரல் டீமின் டிரைவர் பாட்ரிக் டெப்பாயே இரண்டாவதாக வந்தார். இல்லாவிட்டால் அதே ஆண்டு ஜூனில் ஸ்வீடனில் அதே டீமின் ஜோடி ஷெக்டர் ஜெயித்த காராகக் கட்டலாம். அன்று டெப்பாயே இரண்டாவது. பந்தயம் ஜெயித்த ஆறு சக்கர ஃபார்முலா ஒன் கார் இது ஒன்றுதான். இதை வடிவமைத்த டெரிக் கார்ட்னர் முன்னால் 10 இன்ச் சக்கரம் நான்கு வைத்ததே, அவை மூக்கு இறக்கையின் பின்னால் ஒளிந்துகொண்டு காற்றைத் தடுக்காமல் இருக்கட்டும் என்றுதான். அந்த அளவு டயர் வேறு எந்த டீமுக்கும் தேவைப்படவில்லை, அதனால் டயர் வளர்ச்சி நின்றது, காரும் பின்தங்கியது. 1983 முதல் நான்கு சக்கரத்துக்கு மேல் கூடாது என்று விதியே வந்துவிட்டது. உங்களிடம் பழுதாகியிருப்பதும் அதே சின்ன டயர்கள்தான், பத்திரமாக எடுங்கள்.

இனி பெயின்ட். எனாமலின் மேல் லாக்கர் ஸ்ப்ரே நேராக அடிக்கக் கூடாது. சுருங்கிப்போகும், 40 வருடம் காய்ந்திருந்தாலும் நான் துணிய மாட்டேன். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் கிளியரை, டீகால் ஒட்டப்போகும் இடத்தில் மட்டும் இரண்டு மெல்லிய கோட் கொடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் 2000 எண் உப்புத்தாளை நனைத்து அந்தக் கிளியரை மட்டும் தடவினால் போதும். பிரஷ் கோட்டுப் பள்ளத்தில் காற்று தங்கினால் டீகாலுக்கு அடியில் வெள்ளிபோல் மினுங்கும். கிளியர் அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும், நீலம் அடியில் பத்திரமாக இருக்கும்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஈப்போ தம்பி சொன்னதைப் படித்தபோது மனசு நிறைந்துவிட்டது. நீலம் அப்படியே இருக்கட்டும். டீகாலில் ஜப்பானிய எழுத்து இருக்கிறது, மூக்குப் பக்கத்தில் ஒட்டும் ஓரிரு பட்டைகளும் நல்ல நிலையில் உள்ளன. தாள் இப்போது ஜன்னலில்.

இன்னும் இரண்டு சந்தேகம். காக்பிட் பக்கவாட்டில் இரண்டு சின்னக் கண்ணாடி ஜன்னல்கள் வருகின்றன, அவற்றை ஃபெவிகுவிக்கில் ஒட்டலாமா? ரேடியேட்டர் போன்ற சின்ன பாகங்களுக்கு மட்டும் லாக்கர் ஸ்ப்ரே அடிக்க நினைக்கிறேன், இந்த மழையில் அடிக்கலாமா?

பொறுமைபோதும்:

கண்ணாடிக்கு ஃபெவிகுவிக் வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும், துடைத்தாலும் போகாது. வெள்ளை ஃபெவிகாலைக் குச்சி நுனியால் ஓரத்தில் வையுங்கள், காய்ந்தால் தெரியாது. சக்கரம் எங்கே போகிறது என்று டிரைவர் பார்ப்பதற்காகவே அந்த ஜன்னல்களை வைத்தார்கள், அவை தெளிவாக இருந்தால்தான் காருக்கு அழகு.

வாட்டர்பேப்பர்:

ஈப்போக்காரர் சொன்னது நியாயம் சார், என் உரிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். லாக்கரை மழைநாளில் அடித்தால் வெளுத்துப்போகும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதில் படியும். அதுதான் அந்தப் பால் நிறம். வெயில் ஏறிய பிறகு, மதியத்துக்கு முன், காற்று காய்ந்திருக்கும் நாளாகப் பார்த்து அடியுங்கள். டப்பாவை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வைத்துவிட்டு அடித்தால் பெயின்ட் மெல்லியதாகப் படரும். கொதிக்கும் நீரில் வைக்கவே கூடாது. கார்த்திகை கடைசியில் உங்கள் பக்கம் நல்ல நாள் கிடைக்கும்.

காவிரிக்கரை:

ஃப்ரீசர் வேலை செய்தது. இரண்டு டயரும் முழுதாக வந்துவிட்டன. பள்ளம் காரின் அடியில் வருவதால் பட்டி போட்டதும் கண்ணுக்கே தெரியாது. அண்ணனுக்கு இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன்: முடித்ததும் அக்ரிலிக் பெட்டியில் வைத்துக் கொடுக்கலாமா?

ஈப்போக்காரன்:

கொடுக்கலாம் அண்ணே. ஆனால் டயர் பெட்டியின் அடித்தளத்தை நேராகத் தொடக் கூடாது. அக்ரிலிக்கிலும் வார்னிஷ் அடித்த மரத்திலும் அதே கறை ஏறும். அடித்தட்டுக்குக் கீழே இரண்டு சின்ன மரக்கட்டை கொடுத்து, ஆறு சக்கரமும் ஒரு மயிரிழை தூக்கி நிற்கும்படி வையுங்கள். அடியில் ஒரு திருகாணியும் போட்டுவிடுங்கள், திருக்கடையூரிலிருந்து வீட்டுக்குக் காரில் போகும்போது ஆடாது.