புதுப்பிப்பு: அரிவாள் செல் நோயும் மரபணு சிகிச்சையும்

அரிவாள் செல் நோயில், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் பழுதாகி, சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும். இதற்குக் காரணமான மரபணு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால் பிள்ளைக்கு நோய் கடுமையாக இருக்கும் என்று முன்பு எழுதியிருந்தேன். "அந்த மரபணுவையே திருத்த முடியாதா?" என்று சிலர் கேட்டீர்கள்.

மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையிலான காஸ்கெவி சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி தந்தன. வேடிக்கை என்னவென்றால், அது பழுதான மரபணுவைத் தொடுவதே இல்லை. கருவில் நமக்கு வேறொரு ஹீமோகுளோபின் இருக்கும்; பிறந்த சில மாதங்களில் பிசிஎல்11ஏ என்ற மரபணு அதை அடக்கிவிடும். ரத்த அணுக்களை உருவாக்கும் நோயாளியின் ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, அந்த அடக்கும் வேலை நடக்காதபடி பிசிஎல்11ஏ மரபணுவில் ஓரிடத்தில் வெட்டி, திரும்ப ஏற்றுகிறார்கள். கரு ஹீமோகுளோபின் மறுபடி உருவாகும். சிவப்பணுக்கள் வளைவது குறையும். ஏற்றுவதற்கு முன் எலும்பு மஜ்ஜையைக் காலிசெய்யக் கடுமையான கீமோ உண்டு. செய்திகளில் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் விலை. அமெரிக்காவில் 22 லட்சம் டாலர்! இந்தியாவில் இந்தக் குறைபாடு முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடியினரிடம். இங்கே பெரும்பாலானோருக்குக் கைகொடுப்பது ஹைட்ராக்ஸியூரியா மாத்திரைதான். அதுவும் கரு ஹீமோகுளோபினைக் கூட்டித்தான் வேலை செய்கிறது.