சனிக்கிழமை ராத்திரி தெருக்கூத்து: வயதான அம்மா, எட்டு வயதுப் பையனோடு போகிறோம், எப்படிப் பார்ப்பது?

மாம்பலத்தான்

இந்தச் சனிக்கிழமை செய்யாறு பக்கம் ஒரு கிராமத்துத் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து. நோட்டீஸில் "பகடை துயில், இரவு 10 மணி" என்று போட்டிருக்கிறது. சென்னையிலிருந்து காரில் நாலு பேர் வருகிறோம்: நான், மனைவி, 70 வயது அம்மா, 8 வயதுப் பையன். விடிய விடியக் கூத்து பார்ப்பது எல்லோருக்கும் இதுதான் முதல் தடவை. எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும், எங்கே உட்கார்ந்தால் நல்லது, முழுசாகப் பார்க்க முடியாவிட்டால் எந்தப் பாதியை விடலாம்? வேஷம் கட்டுவதைப் பையனுக்குக் காட்ட விடுவார்களா? போட்டோ எடுக்கலாமா?

களரி

முதல்ல தேதியை உறுதி பண்ணிக்குங்க. மழை வந்தாலோ, ஊர்ல ஒரு சாவு விழுந்தாலோ கூத்து ஒரு நாள் தள்ளிப் போயிடும். புதுசா நோட்டீஸ் எல்லாம் அடிக்க மாட்டாங்க. சனிக்கிழமை மத்தியானம் நோட்டீஸ்ல இருக்கிற விழாக்குழு நம்பருக்குப் போன் போட்டு, "சனி ராத்திரி, விடிஞ்சா ஞாயிறு, அப்படித்தானே?"ன்னு கேளுங்க. இதே வார்த்தையில கேளுங்க. "சனிக்கிழமை கூத்தா?"ன்னு கேட்டா, வெள்ளி ராத்திரி ஆரம்பிச்சு சனி விடியறப்போ முடியற கூத்துக்கும் "ஆமாங்க"ன்னு பதில் வந்துடும். ஒரு நாள் தப்பி வர்றவங்க பெரும்பாலும் இப்படித்தான் தப்பறாங்க. கதை மாறலையேன்னும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. முதல் நாள் கூத்து தடைபட்டிருந்தா அந்தக் கதையை மறுநாள் வெச்சுடுவாங்க.

10 மணின்னா வேஷக்காரர் 10 மணிக்கு வந்துடுவார்னு அர்த்தம் இல்லை. அது களரி கட்டற நேரம், அதாவது கூத்து ஆடற இடத்துல (அதுதான் களரி) வாத்தியத்தோட தொடங்கற நேரம். மிருதங்கம், டோலக், முகவீணைங்கற சின்ன ஊதுகுழல், ஆர்மோனியம், தாளம் எல்லாம் சேர்ந்து கொஞ்ச நேரம் வாசிச்சு, கடவுள் வாழ்த்து பாடி முடிச்ச பிறகுதான் கட்டியக்காரன், அதாவது வேஷங்களைக் கேள்வி கேட்டுச் சிரிக்க வைக்கற கோமாளி, வருவான். ராஜா வேஷம் வெளியே வர 11, 11.30 ஆயிடும். சூதாட்டம் நடுராத்திரி தாண்டி. துகில் உரியற கட்டம் விடியறதுக்கு முன்னாடி, தோராயமா 3 மணியிலிருந்து 4.30 மணிக்குள்ள. ஊருக்கு ஊர், செட்டுக்கு செட் (கூத்துக் குழுவைத்தான் செட்டுன்னு சொல்வாங்க) முன்னே பின்னே இருக்கும்.

அதனால பாதி பார்க்கறதா இருந்தா பின்பாதியை விடாதீங்க. 8 மணிக்கெல்லாம் சாப்பிட்டுப் பையனைப் பாயில தூங்க வைங்க. துரியோதனன் திரைக்கு வரும்போது ஒரு தடவை எழுப்புங்க, அப்புறம் 2.30க்கு எழுப்புங்க. கிராமத்துப் பிள்ளைங்க எல்லாம் களரி ஓரமா அப்படித்தான் தூங்கி எழுந்து பார்ப்பாங்க.

முகவீணை

களரி சொன்ன நேரக்கணக்கு சரி. முன்பாதி பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து. முதல் முறை பார்ப்பவர்கள் திரைப்பிரவேசத்தைத் தவறவிட்டால் கூத்தின் இலக்கணமே பிடிபடாது. தயவுசெய்து அதைப் பையனுக்கு முழுசாகக் காட்டுங்கள்.

இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதன் பின்னால் துரியோதனன். முதலில் சலங்கைச் சத்தம் மட்டும்தான் வரும். பிறகு குரல்: தாளமில்லாத விருத்தம், அதைத் தொடர்ந்து தாளத்தோடு தரு என்ற பாட்டு. அவர் பாடும் வரியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். கிரீடத்தின் உச்சி திரைக்கு மேலே தெரியும், துணி அசையும், கண்ணாடித் துண்டில் ஒரு மினுக்கு வரும், முகம் மட்டும் தெரியாது. திரை விலகியதும் களரி முழுக்கச் சுழன்று ஆடுவார், இதைத்தான் கிறிக்கி போடுவது என்பார்கள். உடனே கட்டியக்காரன் "நீங்க யாரு, எந்த ஊரு" என்று மடக்குவான். ராஜா தன் பெருமையெல்லாம் சொல்லி முடிக்க அரைமணிக்கு மேல் ஆகும். கதை நகரவில்லையே என்று நினைக்க வேண்டாம், ஒரு வேஷக்காரரின் குரல், அடவு, மூச்சு எல்லாவற்றையும் ஊர் எடைபோடுவது இங்கேதான்.

இன்னொன்று. "துயில்" என்றதும் தூக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அது துகில், அதாவது சேலை. பேச்சுவழக்கில் துயிலாகி, நோட்டீஸிலும் அப்படியே அச்சாகிறது. பையனுக்குக் கதையைக் காரிலேயே சொல்லிவிடுங்கள்: ராஜசூய யாகத்துக்கு வந்த துரியோதனனுக்கு மண்டபத்தில் நேர்ந்த அவமானம், சகுனியின் யோசனை, தருமன் நாடு, தம்பிகள், தான், கடைசியில் திரௌபதி என்று ஒவ்வொன்றாகத் தோற்பது. இவ்வளவு தெரிந்தால் போதும். பாட்டில் ஒரு சொல் புரியாமல் போனாலும் பின்னாலேயே வசனத்தில் அதையே பேச்சுத் தமிழில் சொல்வார்கள். கட்டியக்காரன் இன்னும் எளிமையாகச் சொல்லிவிடுவான்.

துகில் கட்டம் வரும்போது அது நாடகமாக மட்டும் இருக்காது. கற்பூரம் ஏற்றுவார்கள். பல செட்டுகளில் துச்சாதனன் வேஷக்காரரே சேலையில் கை வைப்பதற்கு முன் அம்மனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். கூட்டத்தில் சிலருக்கு அருள் வரலாம். பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "சாமி வந்திருக்கு, விபூதி போட்டா சரியாயிடும்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். விழுந்தவரை நீங்கள் தூக்கப் போக வேண்டாம், ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் போனைக் கீழே வைத்துவிடுவதுதான் மரியாதை.

ஆற்காட்டுப் பொண்ணு

வேஷம் கட்டறதைப் பார்க்கணும்னா 7.30க்கே போயிடுங்க. செட்டு வாத்தியாரை, அதாவது குழுவை நடத்தறவரை, கேட்டு, அவர் சரின்னா மட்டும் உள்ளே போகலாம். பெரிய ஆட்டக்காரர் ஒருத்தர் தயாராக இரண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும்.

முதல்ல முகம். ஒவ்வொருத்தரும் கண்ணாடியைக் கையில பிடிச்சுட்டு அவங்களேதான் எழுதிக்குவாங்க. துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை. மீசை, புருவம், கன்னத்துப் புள்ளி எல்லாம் மெல்லிய குச்சியால. அந்தக் கோடு போடறப்போ பேச்சுக் குடுக்காதீங்க, கை ஆடினா துடைச்சுட்டு முதல்லேர்ந்து போடணும். அப்புறம் சலங்கை, பாவாடை. கடைசியிலதான் கட்டை: கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம். கல்யாண முருங்கை மரத்துல செதுக்கி, கலர்க் காகிதமும் கண்ணாடித் துண்டும் ஒட்டினது. லேசான மரம், ஆனா எல்லாத்தையும் சேர்த்துக் கட்டி ராத்திரி முழுக்கச் சுத்தி ஆடணும் இல்லையா, அதனால தலையில துணி சுத்தி அதுமேல கிரீடத்தை இறுக்கிக் கட்டுவாங்க. கட்டு தளர்ந்தா கிறிக்கியில சரிஞ்சுடும், ரொம்ப இறுக்கினா நெத்தி வலிக்கும். கட்டினப்புறம் சாய்ஞ்சு உட்காரக்கூட முடியாது. அதான் கடைசியில.

கிரீடத்தைத் தொடவோ, பையன் தலையில வெச்சு போட்டோ எடுக்கவோ கேட்காதீங்க. அவங்க பெட்டி மேலயும் உட்காராதீங்க.

போட்டோவுக்கு ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், திடீர்னு கண்ணுல அடிச்சா ஆட்டக்காரர் கால் தடுமாறும். டியூப்லைட்டும் எல்இடியும் கரண்டோட சேர்ந்து துடிக்கறதால படத்துல பட்டை பட்டையா விழும். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால ஷட்டரை 1/100 அல்லது 1/50ல வைங்க, பெரும்பாலும் போயிடும். 1/50ல கிறிக்கி கலங்கலா வரும், அது அழகாத்தான் இருக்கும்.

மாம்பலத்தான்

மூவருக்கும் மிக்க நன்றி. அம்மாவுக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார முடியாது. அவரை அழைத்து வரலாமா? திரும்பும்போது விடியற்காலையில் கார் ஓட்டுவதும் யோசனையாக இருக்கிறது.

களரி

தாராளமா அழைச்சுட்டு வாங்க. மடக்கு நாற்காலி ஒண்ணு கார்லயே கொண்டு வந்துடுங்க. அதை நடுவுல போடாதீங்க, பின்னாடி தரையில இருக்கிறவங்களுக்கு மறைக்கும். மூணு பக்கமும் ஜனம் உட்காரும், நாலாவது பக்கம் வாத்தியக்காரங்க பெஞ்சு. அந்தப் பெஞ்சுக்குப் பக்கவாட்டுல, ஓரமா நாற்காலி போட்டா பின்பாட்டும் கேட்கும், திரையும் தெரியும். குழாய் ஸ்பீக்கர் எந்த மூங்கில்ல கட்டியிருக்குன்னு முதல்ல பாருங்க, அதுக்கு நேரெதிர்ல மட்டும் வேண்டாம், அம்மாவுக்குக் காது அடைச்சுடும். கொஞ்சம் பஞ்சு வெச்சுக்குங்க. பல ஊர்ல ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம்தான் உட்காருவாங்க. அப்படி இருந்தா அம்மாவும் மனைவியும் பையனும் ஒண்ணா இருக்கட்டும், நீங்க எதிர்ல இருங்க.

கழிப்பறை எங்கேன்னு வெளிச்சம் இருக்கும்போதே விழாக்குழுவைக் கேட்டு வெச்சுக்குங்க. பக்கத்து வீட்டுக்காரங்களே கதவைத் திறந்து விடுவாங்க, ஆனா நடுராத்திரி போய்க் கதவைத் தட்டினா அவங்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். பாய் இரண்டு, கொசுவுக்குத் தடவற களிம்பு, தண்ணி, டார்ச். வெயில் காலம்தானேன்னு போர்வையை விட்டுடாதீங்க, 3 மணிக்கு மேல பனி இறங்கி, தூங்கற பிள்ளைக்குக் குளிரெடுக்கும். கோயில் பக்கம்ங்கறதால செருப்பைக் கார்லயே விடுங்க. காரையும் ஊருக்கு வெளியே, திரும்பிப் போற திசை பார்த்து நிறுத்துங்க. தெருவுக்குள்ள விட்டா கூட்டம் கலையற வரைக்கும் நகர முடியாது.

கூத்துக்கு டிக்கெட் கிடையாது. மனசுக்குத் தோணினதைக் கட்டியக்காரன் கையில கொடுத்தா, பேரைக் கேட்டு மைக்ல சொல்வான். அம்மா பேரைச் சொல்லச் சொல்லுங்க. பேர் சொல்ல வேண்டாம்னா, மங்களம் பாடி முடிச்சதும் வாத்தியார்கிட்ட நேரா கொடுத்துடலாம்.

விடிய விடிய முழிச்சுட்டு உடனே வண்டி எடுக்காதீங்க. செய்யாறுலயோ காஞ்சிபுரத்துலயோ ரூம் போட்டு நாலு மணி நேரமாவது தூங்கிட்டுக் கிளம்புங்க. அது முடியாதுன்னா வாடகை டிரைவரோட வாங்க, அவரை வண்டியிலேயே தூங்கச் சொல்லுங்க.

முகவீணை

அம்மாவால் இரவில் தங்க முடியாது என்று கடைசி நேரத்தில் தோன்றினால், வேறு ஒரு வழியும் இருக்கிறது. அதே கோயிலில் பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும், பெரும்பாலும் மதியத்துக்கு மேல். ஒருவர் கதை சொல்ல, இன்னொருவர் பாட்டெடுப்பார். வயதானவர்கள்தான் அதற்கு அதிகம் வருவார்கள், சாய்ந்து உட்கார இடமும் கிடைக்கும். நோட்டீஸின் கடைசி நாளில் "படுகளம்" என்று இருக்கிறதா பாருங்கள். அது பகல் நேரத்து நிகழ்ச்சி. மண்ணால் செய்து படுக்கவைத்த பிரமாண்டமான துரியோதனன் உருவத்தின் மேல் பீமனும் துரியோதனனும் வேஷத்தோடு சண்டை போடுவார்கள், தொடையில் அடி விழுந்ததும் திரௌபதி கூந்தல் முடிப்பாள். மாலையில் தீமிதி. சனிக்கிழமை அவிழ்ந்த கூந்தல் அன்றைக்குத்தான் முடிகிறது, அதனால் இரண்டையும் பார்த்தால் பையனுக்குக் கதை முழுசாகக் கிடைக்கும். படுகளத்துக்குக் கூட்டம் மிக அதிகம். காலை 8 மணிக்கே போய் நிழல் விழும் பக்கம் இடம் பிடியுங்கள், குடை கட்டாயம்.

மாம்பலத்தான்

விழாக்குழுவுக்குப் போன் செய்துவிட்டேன். சனி ராத்திரி, விடிந்தால் ஞாயிறு, கதையும் பகடை துயிலேதான். படுகளம் அடுத்த ஞாயிறு காலை என்றார்கள். காஞ்சிபுரத்தில் அறை போட்டாயிற்று, மடக்கு நாற்காலியும் காரில் ஏற்றியாயிற்று. 7.30க்கு அங்கே இருப்போம்.